முதிர்ச்சி எண்

நைட்ரஜன் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்
தடித்த கையுறையோடு கைவிட்டு
நிலவைச் சலிக்கிறேன்.
ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.
சல்லடைக் கண்ணில் மாட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது.
ஆற்று மணலாக இருந்தால்
இந்நேரம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

பக்கத்து மேசையில் விண்டா கோபெக்கி
எண்ணை வாசிக்கிறாள்: எழுபத்தெட்டு.
அறுபதைத் தாண்டினால் முதிர்ந்த மண்.
முப்பதுக்குக் கீழே பச்சை மண்.
ஹூஸ்டனில் மதியம் மூன்று மணி.
எழுதிக்கொள்கிறேன்.

சனிக்கிழமைகளில் தென்மேற்கே ஒரு மணி நேரம்.
சிறைப் பண்ணையின் கதவு திறக்கும்வரை
பிராசோஸ் ஆற்றோரம் வண்டியை நிறுத்தி
ஒரு பிடி அள்ளிப் பார்ப்பேன்.
இங்கே முதிர்வதென்றால் இழப்பது.
மலையிலிருந்து கூடவே கிளம்பிய ஃபெல்ட்ஸ்பார்
பாதி வழியில் களியாகி
கலங்கலோடு முன்னால் ஓடிவிட்டது.
கனத்தது பின்தங்கியது.
ஒன்றையொன்று உரசி உரசி
முனை போனதே மிச்சம்.
பிராசோஸ் வேலையை இன்னும் முடிக்கவில்லை,
சிவந்த வண்டல் உள்ளங்கையில் ஒட்டுகிறது.
ஆனாலும் போகும் திசை அதுதான்:
ஒரே அளவாய், உருண்டையாய்,
யாரையும் கீறாத குவார்ட்ஸ்.

பரோல் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
அதிலும் இதே சொல்.
பத்தொன்பதில் உள்ளே போனான் எராஸ்மோ.
இப்போது நாற்பத்தொன்று.
மூன்று முறை அவனை வரவழைத்து
ஒரு கூழாங்கல்லைத் தேடினார்கள்.
மூன்று முறையும் எங்கோ ஒரு முனை
அவர்கள் விரலைக் குத்தியிருக்கிறது.

அக்காவின் கருத்து என்ன என்று கேட்டார்கள்.
நான் நிலவைப் பற்றிச் சொல்லத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

அங்கே ஆறில்லை. மழையில்லை.
எதையும் எங்கும் இழுத்துப்போக ஆளில்லை.
விழுவது மட்டும் உண்டு.
ஊசிமுனைக்கும் சிறிய கற்கள்,
துப்பாக்கிக் குண்டு தோற்கும் வேகம்,
கோடிக்கணக்கான ஆண்டுகள்.
ஓர் அடி உடைக்கும்.
அடுத்தது, உடைந்ததை உருக்கி
அருகில் கிடந்த எல்லாவற்றையும் அள்ளி
கறுத்த கண்ணாடியால் ஒட்டிவைக்கும்.
திரும்ப உடைக்கும்.
ஒருநாள் உடைவதும் ஒட்டுவதும் சரிக்குச் சரி;
அதன்பின் துகள் சிறுக்காது, பெருக்காது.
சூரியன் எறிந்த ஹைட்ரஜன்
தோலுக்கடியில் தங்கிப்போகும்.
இரும்பு, கண்ணுக்குத் தெரியாத மணிகளாய்,
ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிக்கும்.
வடிகட்டியது யாருமில்லை.
ஒரு முனைகூட மழுங்கவில்லை.
இதையும் முதிர்ந்தது என்றுதான் எழுதுகிறோம்,
முழு நினைவோடு, கையெழுத்திட்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்கிறான்:
"இந்த வாரம் என்ன மண்?"
எழுபத்தெட்டு என்றேன்.
அடிகளைப் பற்றிச் சொன்னேன்,
உடைந்து ஒட்டுவதைப் பற்றி.
சொல்லும்போது அவன் கைமுட்டித் தழும்பை
நான் பார்த்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"சரி. மேலே வேறு மண் வந்து மூடிவிட்டால்?"

மூடிவிட்டால் எதுவும் படாது.
எண் அங்கேயே நின்றுவிடும்.
புதைந்த அன்று என்னவோ அதுதான்,
இன்னொரு பெரிய கல் வந்து
தோண்டிப் போடும்வரை.

சிரித்தான்.
"அப்படியானால் பத்தொன்பது என்று எழுதிக்கொள்."

இத்தனை வருடம் அடிபடுகிறான் என்று நினைத்திருந்தேன்.
அவன் புதைந்திருக்கிறான்.
அல்லது என்னைச் சீண்டுகிறான்.
எதுவென்று அளக்க
என்னிடம் கருவி இல்லை.

திங்கட்கிழமை காலை
ஆய்வகத்துக்கு முந்திய அறையில்
காற்று பீய்ச்சியடிக்க நிற்கிறேன்.
பூமியின் ஒரு துகள்கூட உள்ளே போகக் கூடாது.
செருப்பு மாற்றினேன். தலையை மூடினேன்.
நகக்கண்ணில் சிவப்பாய் ஏதோ.
இன்னொரு முறை கழுவ
வரிசையை விட்டு விலகுகிறேன்.